தேதி போடாத நற்சான்று

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. யார் வந்து கேட்டாலும் அரை மணி நேரத்தில் மனு எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறவன், பெற்ற பிள்ளைக்குப் பதில் எழுதப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டான். உன் அம்மா தினமும் காபியை வைக்கும்போது, "இன்னிக்காவது பேனா நடக்குமா, இல்ல அதுக்கும் வாதமா?" என்று என் முழங்காலையும் சேர்த்து விசாரித்துவிட்டுப் போனாள். நீ கேட்டிருப்பது என்னவோ சின்ன விஷயம்தான். முன்சீப் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாய். பி.எல். சான்றிதழோடு, உன்னை அறிந்த பெரிய மனிதர் ஒருவரின் நற்சான்றும் வைக்கவேண்டும். "நைனா, ரிடையர்டு ஜட்ஜ் சவரிமுத்து உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர் ஆயிற்றே. அவரிடம் நாலு வரி வாங்கி அனுப்பிவிட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலு வரியில்தான் என் பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லப்போகிறேன். படித்து முடித்த பிறகும் அந்த நற்சான்று உனக்கு வேண்டியிருந்தால், அதுவும் இதே உறையில்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை முதலில் பிரிக்காதே.

என் யோக்கியதை உனக்குத் தெரியும். நாலாம் பாரம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, மூன்றாம் வருஷமும் உட்காரப் போனபோது வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். கணக்கு வரவில்லை, சரித்திரம் வரவில்லை. வந்தது கையெழுத்து ஒன்றுதான். அச்சில் வார்த்தது போல இங்கிலீஷ் எழுதுவேன். எழுதியது என்னவென்று சில சமயம் எனக்கே விளங்காது, அது வேறு சங்கதி. அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு கண்டோன்மென்ட் கோர்ட் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சாய்வுப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியும் அதே பெட்டி, மரமும் அதே மரம், என் தலைமயிர் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. கோர்ட்டுக்குள் போகிற ஒவ்வொருவனும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். விசாரணை நடக்கும்போது நான் மட்டும் ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

சவரிமுத்துவின் அப்பா ஒரு மேஜர் துரையிடம் குதிரைக்காரர். பிளாக்பள்ளிப் பேட்டைக்கு அந்தப் பக்கம், லாயத்தை ஒட்டின ஒற்றை அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் மேல் லாயத்து வாடை அடிக்கிறது என்று ஒரு பையனும் பக்கத்தில் உட்கார மாட்டான். எனக்கு வருஷம் பன்னிரண்டு மாதமும் ஜலதோஷம். வாடையும் தெரியாது, வாசனையும் தெரியாது. எங்கள் சிநேகிதத்துக்கு அதுதான் அஸ்திவாரம். அவன் பாடம் ஒப்பிப்பது குதிரையிடம். மேஜரின் பழுப்புக் குதிரை முன்னால் நின்றுகொண்டு இங்கிலீஷ் இலக்கணத்தைக் கடகடவென்று சொல்லுவான். அது தலையை ஆட்டும். "பாருடா, உனக்கு ஏறாததெல்லாம் இதுக்கு ஏறுது" என்பான். மெட்ரிகுலேஷனில் அந்தப் பள்ளியில் முதலாவதாக வந்தான். நான் நடுவிலேயே இறங்கிவிட்டதால் எத்தனையாவதாக வந்திருப்பேன் என்பது இன்றுவரை ரகசியம்.

இப்போது உனக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும், நீங்கள் எல்லாம் மறந்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் நம் கண்டோன்மென்ட் ஜனங்களில் பாதிப் பேர் துரைமார் வீட்டில் வேலை. சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், தோட்டக்காரர். துரை வேறு ஊருக்கு மாறிப் போகும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இன்னான் என்னிடம் இத்தனை வருஷம் இருந்தான், நாணயமானவன், குடிக்க மாட்டான் என்று இருக்கும். 'துரைச்சீட்டு' என்போம். அடுத்த பங்களாவில் அந்தச் சீட்டைக் காட்டினால்தான் வாசற்படி ஏறலாம். நிலம் இல்லாத ஜனத்துக்கு அதுதான் பட்டா. பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னாலோ முருகன் படத்துக்குப் பின்னாலோ வைத்திருப்பார்கள். மேஜர் ஊருக்குப் போகும்போது சவரிமுத்துவின் அப்பாவுக்கு ஒன்றும், பையன் படிக்கிறவன் என்பதால் அவனுக்குத் தனியாக ஒன்றும் கொடுத்துவிட்டுத்தான் போனார். இது சத்தியம். நான் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்தவன்.

பிறகு பிளேக் வந்தது. எலி செத்து விழுந்த வீடுகளில் சர்க்கார் ஆட்கள் புகுந்து பாய், தலையணை, பெட்டி, படுக்கை எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சவரிமுத்துவின் அப்பா போய்விட்டார். அவர் போன மறுநாள் பிஸ்கட் டப்பாவும் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஒரு கல்லூரி, இலவசமாக இடமும் சாப்பாடும் தருகிறோம், தகப்பன் வேலை பார்த்த துரையிடமிருந்து நற்சான்று கொண்டு வரவும் என்று எழுதியிருந்தது. துரை கடல் தாண்டிப் போயாயிற்று. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. சவரிமுத்து மாதா கோயில் பின்மதில் மேல் உட்கார்ந்து அழுதான். நான் காகிதத்தையும் மைக்கூட்டையும் கொண்டுபோனேன்.

"எரிஞ்சுபோனதைத்தானேடா திரும்ப எழுதறோம். சொல்லு, என்ன இருந்துச்சு அதுல?"

அவனுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. இந்தப் பையனைப் பிறந்த நாள் முதல் நான் அறிவேன். என் குதிரையை இவனை நம்பி விடுவேன், என் பெயரையும் இவனை நம்பி விடுவேன் என்று மேஜர் எழுதியிருந்தார். எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடம் வந்தது.

"மேஜர் கையெழுத்து எப்படி இருக்கும்?"

"வாத்து நடந்த மாதிரி இருக்கும். டேய், இது பாவம்டா."

"பாவத்தை ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட சொல்லிக்கலாம். இடம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காது. உக்காரு."

வாத்தை நடக்கவிட்டேன். அழகாகவே நடந்தது. அந்தக் கடிதத்தில் இருந்ததெல்லாம் மெய், கையெழுத்து ஒன்றுதான் பொய். அதைக் கொண்டு அவன் ரயில் ஏறினான். பி.ஏ. ஆனான், பி.எல். ஆனான், வக்கீல் ஆனான், வேலூர்ப் பக்கமும் சேலம் பக்கமும் முன்சீப்பாகச் சுற்றினான். கடைசியில் சர்க்கார் அவனை எங்கள் கண்டோன்மென்ட் கோர்ட்டுக்கே ஜட்ஜாகப் போட்டது. அன்று முதல் அவன் 'அவர்' ஆகிவிட்டார். குதிரை லாயத்துப் பிள்ளை கோட்டும் தலைப்பாகையுமாகக் கோச்சு வண்டியில் வந்து இறங்கியபோது நம் ஜனம் மதில் மேல் ஏறி நின்று பார்த்தது. நானும் எழுந்து நின்று "குட் மார்னிங், யுவர் ஆனர்" என்றேன். "என்னடா ரைட்டரே, ஜலதோஷம் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மரத்தடியில் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

ஆனால் ஒன்று, அவர் பயந்த மனிதர். அது எனக்கு மட்டும் தெரியும். துரைமார் கிளப்பில் அவருக்கு இடம் கிடையாது. அவர் அப்பா குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே கிளப் கேட்டைத் தாண்டிச் சாயங்காலம் வண்டியில் போவார், நிறுத்தமாட்டார். ஒரு தீர்ப்பில் கொஞ்சம் இளகினால் போதும், "குதிரைக்காரன் மகன்தானே, கீழ்ஜனத்துக்குத்தான் பரிவான்" என்று சொல்ல ஆள் இருந்தது. அதனால் அவர் இளகவே இல்லை. அவர் தீர்ப்பை எந்த வெள்ளைக்காரனும் குறை சொன்னதில்லை. அவர் அதைப் பெரிய வெற்றியாக நினைத்தார். நானும்தான்.

எரிந்த சீட்டைத் திரும்ப எழுதும் என் திறமை சவரிமுத்துவோடு நிற்கவில்லை. பிளேக்கில் டப்பா எரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்தார்கள். பிறகு கூரை ஒழுகி நனைந்தவை வந்தன, கரையான் தின்றவை வந்தன. பொய் எழுதச் சொன்னவனை நான் விரட்டியிருக்கிறேன், அதை நீ நம்பலாம். இல்லாத நாணயத்தை நான் யாருக்கும் உண்டாக்கிக் கொடுக்கவில்லை. இருந்ததைத் திரும்ப எழுதினேன். இப்படித்தான் என் மனச்சாட்சியோடு ராஜி பண்ணிக்கொண்டேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சமையற்கார முனுசாமி. ஒரு கேப்டனிடம் பதினோரு வருஷம் இருந்தவர். கேப்டன் பெரிய யுத்தத்துக்குப் புறப்படும்போது சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கரையான் தின்றுவிட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு தகர அச்சில் கேரமல் புட்டிங் செய்து, தலையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு அப்போது நாலு வயது இருக்கும். தட்டை நக்கிவிட்டு, "நைனா, இவரு நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் புட்டிங்கின் ருசி உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று போன தடவை லீவில் வந்தபோது சொன்னாய். நான் எழுந்து வெளியே போனேன் அல்லவா, காரணம் வெற்றிலை இல்லை.

கேப்டன் சீட்டு கொடுத்த தேதி முனுசாமிக்கு ஞாபகம் இல்லை. "மழைக்காலம் சாமி" என்றார். நான் மழைக்காலமாகப் பார்த்து ஒரு தேதியைப் போட்டேன், வருஷத்தையும் குத்துமதிப்பாகப் போட்டேன். முனுசாமி அந்தச் சீட்டோடு ஒரு துரைசானி வீட்டில் சேர்ந்து ஒரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தார். ஒரு நாள் ஆறு வெள்ளிக் கரண்டியைக் காணோம். துரைசானி கேப்டனின் ரெஜிமெண்டுக்குக் கடிதம் போட்டு, இந்தச் சமையற்காரன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்தாள். பதில் வருவதற்குள் கரண்டி துணி அலமாரியிலேயே அகப்பட்டுவிட்டது. ஆனால் பதிலும் வந்துவிட்டது. கேப்டன் பிரான்சு தேசத்துச் சண்டையில் இறந்துபோனார், சீட்டில் இருக்கும் தேதிக்கு ஏழு மாதம் முன்னால். செத்த மனிதரை எழுப்பி உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன், மகனே. இந்த ஊரில் வேறு எந்த ரைட்டரும் செய்யாத காரியம்.

திருட்டுக் கேஸ் போய்விட்டது. கள்ளச் சீட்டுக் கேஸ் மட்டும் மிஞ்சி நின்றது. ஜட்ஜ் சவரிமுத்துவின் முன்னால் வந்தது. அவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கும் என் பெட்டிக்கும் பத்தடி. உள்ளே பேசுவது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்கும். சர்க்கார் வக்கீல் ரெஜிமெண்டின் பதிலைப் படித்தார். கோர்ட்டில் சிரித்தார்கள். முனுசாமி கூண்டைப் பிடித்துக்கொண்டு, "தொரை செத்துட்டாரா? எப்பங்க? எனக்கு யாருமே சொல்லலியே" என்று கேட்டுவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தன் கேஸ் தோற்றுவிட்டது அவருக்குப் படவே இல்லை. துரை செத்த துக்கம்தான்.

"இதை எழுதினது யாரு?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க, சாமி."

"பேரைச் சொன்னா தண்டனை குறையும். யோசிச்சுச் சொல்லு."

"வயசாயிடுச்சுங்க. மறந்துபோச்சு."

"உனக்கு என்ன வயசு?"

"அதுவும் மறந்துபோச்சுங்க."

மறுபடி சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. காகிதத்தை வெளிச்சத்தில் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் திருப்பினார். 'ஐ' என்கிற பெரிய எழுத்துக்கு நான் ஒரு வால் வைப்பேன். 'குதிரைவால்' என்று அதற்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்ததே சவரிமுத்துதான். நற்சான்று என்றால் முதல் எழுத்தே 'ஐ'தானே. அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் தூக்கி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுந்து பத்தடி நடந்து, "நான்தான் எழுதினேன், யுவர் ஆனர், அந்த ஆளுக்குத் தேதிகூடத் தெரியாது" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. உனக்கு அப்போது ஐந்து வயது, உன் தங்கை கைக்குழந்தை. வெகு காலம் உங்கள் இரண்டு பேரையும்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். முழங்கால் எழவில்லை. இப்போது வாதம் வந்து எழவில்லை. அன்று வாதம் இல்லாமலே எழவில்லை.

"நற்சான்று என்பது ஏழையின் ஒரே சொத்து, அதில் கள்ளம் செய்பவனுக்கு இரக்கம் காட்டினால், நாணயமாக உழைக்கும் ஆயிரம் ஏழைகளுக்கு அது துரோகம்" என்று தீர்ப்பு எழுதினார். இரண்டு வருஷம், கடுங்காவல். நல்ல தீர்ப்பு என்று வக்கீல்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லைதான்.

மறுநாள் கோர்ட் தபேதார் காதர் பாய் வந்து, "ரைட்டர் சாப், ஜட்ஜ் சாப் உங்களை அறைக்கு வரச் சொல்றார், ஜல்தி" என்றார். போனேன். தலைக்கு மேல் பங்கா ஆடிக்கொண்டிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து நீ எழுந்து உள்ள வருவேன்னு நினைச்சேன்."

"நீங்க கூப்புடுவீங்கன்னு நினைச்சேன்."

"வந்திருந்தா உன்னையும் உள்ள போட்டிருப்பேன்."

"தெரியும்."

"நீ போறப்போ, எனக்கு எழுதிக் குடுத்ததையும் சொல்லியிருப்பே."

சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அதைச் சொன்னால் அவர் நம்பவேண்டுமே.

"போ" என்றார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த மரத்தைத் தாண்டிப் போனார், வந்தார். ஜலதோஷத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

முனுசாமியின் பெண்சாதி ஒரு வாரம் கழித்து என் பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, அவரு ஒங்க பேரைச் சொல்லல, நானும் சொல்லமாட்டேன். கருணை மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒங்க எழுத்துலதான் எழுதணுமாம், அதான் மேல எடுபடும்னு சொல்றாங்க." என் ஆயுசில் அதைப்போல ஒரு மனு நான் எழுதியதில்லை. மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாம் தடவை எழுதினேன். குதிரைவால் வைக்காமல் எழுத முயன்று பார்த்தேன், கை கேட்கவில்லை. ஊருக்கே மேலதிகாரியான ரெசிடென்ட் துரைக்குப் போகவேண்டிய மனு, வழக்கப்படி முதலில் ஜட்ஜின் அபிப்பிராயத்துக்குப் போயிற்று. தலையிட முகாந்திரம் இல்லை என்று ஒரே வரி எழுதித் திருப்பியிருந்தார். எனக்கு ஆச்சரியமில்லை. அந்த எழுத்தை அவர் எப்படிச் சகித்திருப்பார்?

இரண்டு வருஷம் கழித்து முனுசாமி நேராக மரத்தடிக்குத்தான் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ளயும் சமையல்தாங்க போட்டாங்க. ஜெயிலர் தொரைக்கு என் கறி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெளிய வரும்போது ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு" என்று சொல்லி அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தோம். எந்த பங்களாவும் அவரைச் சேர்க்கவில்லை. கொஞ்ச நாள் சோல்ஜர் லைனுக்கு வெளியே வேகவைத்த கடலை விற்றார். பிறகு கோலார் தங்கவயலுக்குப் போவதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. நான் தேடிப் போகவும் இல்லை.

இதனால்தான் அந்த ஜட்ஜ் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ஆனால் உன் கடிதம் வந்துவிட்டதே. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காக்ஸ் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்தேன். வழியெல்லாம் பட்டாள லாரிகள். மறுபடி யுத்தம், மறுபடி துரைமார், மறுபடி யார் யாரோ சமையலுக்குச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஜட்ஜ் முன்கட்டில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கை நடுங்குகிறது. மருமகள்தான் பேப்பர் படித்துச் சொல்கிறாளாம்.

"யாரது?"

"நான்தான். மரத்தடி ரைட்டர்."

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "இன்னும் சாகலியா நீ?"

"உங்க உத்தரவு இன்னும் வரலியே, யுவர் ஆனர்."

"உக்காருடா" என்றார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்த 'டா'. உட்கார்ந்தேன். அவர் முதலில் கேட்டது உன்னைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. "அந்தச் சமையக்காரன் என்ன ஆனான்?"

"கோலார் போனதா கேள்வி. அப்புறம் தெரியல."

"நானும் ரெண்டு தடவை ஆள் விட்டுத் தேடினேன்."

"கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியல. கிடைக்கலைன்னு சொன்னப்போ, ரெண்டு தடவையும் நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மறுக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அவர் மருமகளைக் கூப்பிட்டுக் காகிதமும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். "எனக்குக் கண் இல்லை. நீயே எழுது. நான் சொல்றேன்" என்றார். ஆரம்பித்தார். இந்தப் பையனைப் பிறந்த நாள் முதல் நான் அறிவேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேஜரின் கடிதம், மகனே. கோயில் மதில் மேல் உட்கார்ந்து சொன்ன அதே கடிதம், ஒரு எழுத்து மாறாமல். உன்னை அவர் பார்த்ததே இரண்டு தடவைதான், அதுவும் கூட்டத்தில். குதிரை வரைக்கும் வந்தார்.

"அவனுக்கு எதுக்கு குதிரை? உங்ககிட்டயும் இல்லியே" என்றேன்.

"இருக்கட்டும்டா. அது இல்லாம எனக்கு அடுத்த வரி வராது."

எழுதினேன். மருமகள் அவர் விரலைப் பிடித்துக் கடைசி வரிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். கையெழுத்துப் போட்டார். நடுக்கத்தில் அது வாத்து நடந்த மாதிரிதான் வந்தது. அன்று நான் எழுதியதில் எல்லாம் மெய், கையெழுத்து மட்டும் பொய். இன்று கையெழுத்து மெய். நம் குடும்பத்தின் முன்னேற்றம் அவ்வளவுதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஆசை, யோக்கியதைதான் இல்லை. நீ அதைக் கிழித்துப்போடலாம். கிழித்தால் சந்தோஷப்படுவேன் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் சந்தோஷப்படமாட்டேன், உனக்கு வேலை போயிற்றே என்றுதான் படுத்துக் கிடப்பேன். நீ கிழிக்கமாட்டாய் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நீ என் மகன். முன்சீப் ஆவாய். ஒரு நாள் உன் முன்னாலும் யாராவது துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்பான். ஜன்னலுக்கு வெளியே என்னைப்போல ஒருவன் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் எழுந்து வரமாட்டான், அதை நான் அடித்துச் சொல்வேன். நீ அவனைக் கூப்பிடுவாய் என்று எழுதத்தான் இந்தப் பாராவை ஆரம்பித்தேன். சவரிமுத்து என்னைவிட, உன்னைவிட நல்லவன். அவனே கூப்பிடவில்லை.

உன் அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். நான் சொல்ல ஒன்றே ஒன்று பாக்கி. நற்சான்றில் எல்லாம் எழுதிவிட்டேன், தேதியை மட்டும் எழுதவில்லை. பேனாவைக் கொண்டுபோனேன், கை மறுத்துவிட்டது. வருகிற வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார்களாம். மருமகள் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. தேதியை நீயே போட்டுக்கொள். அவர் உயிரோடு இருக்கிற நாளாகப் பார்த்துப் போடு.

மரத்தடியிலிருந்து,
உன் நைனா